தொப்புளைப் பராமரிப்பது எப்படி: பச்சைக் குழந்தையிலிருந்து பெரியவர் வரை

பிறந்த எல்லோருக்கும் பொதுவாக ஒரு தழும்பு உண்டு என்றால் அது தொப்புள்தான். கொடிக்குள் இரண்டு தமனி, ஒரு சிரை. வெளியே வெட்டியதும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை, அந்தச் சிரை உள்ளே சுருங்கி, தொப்புளிலிருந்து கல்லீரல் வரை ஒரு நாராக வயசான பிறகும் அப்படியே இருக்கிறது. எனக்கு இது எப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

சரி, முதலில் குழந்தை. கிளிப் போட்ட கொடி கறுத்துக் காய்ந்து, பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் தானாக விழும். அதுவரை உங்கள் வேலை அதை ஈரமில்லாமல் வைப்பது மட்டுமே. டயாபரைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள், மூத்திரம் படக்கூடாது. காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதைக் கொடி விழும் வரை தள்ளிவைத்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும். அம்மாயி வசம்பைச் சுட்டு, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக்கொண்டு வருவார். "கொடி விழட்டுங்க அம்மாயி, டாக்டர் ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மஞ்சள், பவுடர், சாம்பல், எதுவுமே வேண்டாம், அது திறந்த புண், கிருமி நேராக உள்ளே போகும். விழும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயம் இல்லை. ஆனால் சுற்றிலும் தோல் சிவந்து பரவினாலோ, நாற்றத்தோடு சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

விழுந்த கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கட்டுவது நம் வழக்கம், தாராளமாகச் செய்யலாம். கயிறு மட்டும் ஆறாத தொப்புள்மேல் உரசாமல் இருக்கட்டும்.

அழும்போது தொப்புள் புடைத்தால் காசு வைத்துக் கட்டாதீர்கள். பெரும்பாலும் நாலைந்து வயசுக்குள் தானே மூடிக்கொள்ளும், டாக்டரிடம் ஒருமுறை காட்டிவைத்தால் போதும்.

பெரியவர்களுக்கு வேலை குறைவு. குளிக்கும்போது சோப்புத் தண்ணீரில் விரலால் மெதுவாகக் கழுவி, துண்டின் முனையால் உள்ளே ஒற்றி எடுங்கள். சேலம் சித்திரை வெயிலில் வேர்வை அந்தக் குழியில்தான் தேங்கும். அம்மாபேட்டைப் பக்கம் தறிப் பட்டறையில் நிற்பவர்கள் என்றால் பஞ்சுத்தூசியும் சேரும், தினமும் பாருங்கள். 2012இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 60 பேர் தொப்புளில் 2,368 வகை பாக்டீரியா கிடைத்தன. பெரும்பாலானவை கெடுதல் செய்யாதவை, அதனால் டெட்டால் ஊற்றித் தேய்க்க வேண்டியதில்லை.

ஆழமான தொப்புளில் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் வருஷக்கணக்கில் சேர்ந்து கறுப்புக் கல்லாக இறுகிவிடுவதும் உண்டு. ஹேர்பின்னால் தோண்டாதீர்கள், டாக்டர் அதை இளக்கி எடுத்துவிடுவார். பெரியவர்களுக்குத் தொப்புள் பக்கம் வீங்கி, அழுத்தினால் உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் இருந்தால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள், குடல் சிக்கியிருக்கலாம்.