காவிரி வடகரை ரோடு: திருவையாற்றிலிருந்து சுவாமிமலை வரை ஒரு நாள் போவது எப்படி

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்குப் பெரும்பாலும் எல்லோரும் பாபநாசம் வழியாகத்தான் போகிறார்கள். சீக்கிரம் போய்ச் சேரலாம், சரி. ஆனால் காவிரியை நம்பி வாழ்கிற ஊர்களைப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் திருவையாறு போய்விடுங்கள், அங்கிருந்து ஆற்றின் வடகரையில் திருப்பழனம், கணபதி அக்ரஹாரம், உமையாள்புரம், கபிஸ்தலம் என்று சுவாமிமலைக்குப் போகிற ரோட்டைப் பிடியுங்கள். 30 கி.மீ.க்குள்தான் வரும், ஆனாலும் முழு நாளையும் ஒதுக்குங்கள். சோழ நாட்டுத் தேவாரத் தலங்களையே வடகரை 63, தென்கரை 127 என்று காவிரியை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு இங்கே ஊருக்கு அடையாளமே கரைதான்.

எப்போது போவது? ஆற்றில் தண்ணீர் ஓடும்போது போங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள், அணையில் இருப்பு குறைந்த வருடங்களில் அது தள்ளிப்போகும், அதனால் கிளம்பும் முன் செய்தி பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டுக்குப் போனால் கூட்டம்தான், ஆனால் படித்துறையில் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு வைத்துப் படைக்கிற பெண்களையும் சப்பரம் இழுக்கிற பிள்ளைகளையும் அன்றுதான் பார்க்க முடியும். கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும், அப்போதும் சித்திரையில் ஒரு காரணம் இருக்கிறது: திருவையாற்றுச் சிவனான ஐயாறப்பர் பல்லக்கில் ஏழூர் சுற்றி வரும் விழா.

காலையில் சீக்கிரம் திருவையாற்றில் இருங்கள். கோயில்கள் மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும், அதை வைத்துத்தான் நாளைப் பிரிக்க வேண்டும். ஐயாறப்பர் கோயிலை முடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் கர்நாடக இசை மேதை தியாகராஜர் சமாதிக்குப் போங்கள். அவர் மறைந்தது 1847-இல். இன்று நாம் பார்க்கும் கட்டடத்தை 1920-களில் தன் சொந்தப் பணத்தைப் போட்டு எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள், அப்போது தியாகராஜர் நினைவாக ஆண்டுதோறும் இங்கே நடக்கும் இசை விழாவான ஆராதனையில் பெண்கள் பாடவே இடம் கிடையாது, அவர் பெண்களுக்கென்று தனியாக ஆராதனை நடத்தினார். அவருடைய சமாதியும் எதிரிலேயே இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமல் திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் கட்டாயம் ஒரு நிமிடம் நில்லுங்கள். அப்புறம் கடைத்தெருவில் பாசிப்பருப்பில் கிண்டிய அசோகா அல்வா கொஞ்சம் வாங்கிக்கொண்டு கிழக்கே கிளம்பலாம்.

வழியில் எங்கே இறங்குவது என்று கேட்டால் நான் உமையாள்புரம் என்பேன். தியாகராஜரின் நேர்ச் சீடர்களான கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் இருவரும் இந்த ஊர்க்காரர்கள். மேற்கே தில்லைஸ்தானத்திலும் ஒரு சீடர் பரம்பரை இருந்தது. பாட்டு இந்தக் கரையோடுதான் ஊர் ஊராகப் போயிருக்கிறது. அக்ரஹாரத் தெருவில் நடக்கும்போது திண்ணையில் யாராவது இருந்தால் வணக்கம் சொல்லிப் பேசுங்கள், கேட்காமல் வீட்டை நோக்கிப் போனைத் தூக்காதீர்கள். அதோடு நின்றுவிடாமல் ரோட்டை விட்டுக் கொஞ்சம் வயல் பக்கமும் போங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள இந்த நிலத்தில் நெல், வாழை, கரும்பு, அகத்தியில் படரும் வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் உண்டு. கொடிக்காலுக்குள் போக அனுமதி கேளுங்கள், செருப்பை வரப்பிலேயே விட்டுவிடுங்கள்.

ஆற்றில் இறங்குவதாக இருந்தால் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும் இறங்குங்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் மணல் அள்ளிய பள்ளம் இருக்கும். இதில் விளையாட வேண்டாம்.

நடை சாத்தியிருக்கும் மதிய நேரத்தைச் சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாராசுரம் கோயில் வேலைக்கு வந்த முன்னோர் வழி என்று சிலை செய்கிற ஸ்தபதிகள் சொல்வார்கள். இந்த ஊரிலேயே அவர்கள் தங்கியதற்குக் காரணம் ஆற்று வண்டல். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்து, அதன்மேல் அந்த வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசி நிழலில் காயவைப்பார்கள், காய்ந்தபின் மேலும் பூசிச் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகின் நுணுக்கம் அப்படியே பதிய இந்த மண்தான் வேண்டும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அளவெடுக்கத் தென்னை ஓலையை மடித்துச் செய்யும் ஒடியோலையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உலோகம் ஊற்றுகிற நேரத்தில் மட்டும் தள்ளி நின்று பாருங்கள், பேச்சு கொடுக்காதீர்கள்.

சிலை வாங்குவதாக இருந்தால் கனமாக வார்த்ததா, உள்ளே கூடாக வார்த்ததா என்று கேட்டு, எடை போட்டுப் பார்த்து, ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் விமான நிலையத்தில் சிக்கல் வராது. பட்டறைக்காரர்களிடமே கேளுங்கள், எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.