பழைய காம்பாக்ட் கேமராவா புது மிரர்லெஸ்ஸா? காசு போடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் தண்ணி பாட்டில் தூக்குங்க

அக்கா பொண்ணு இங்க சிங்கப்பூர்ல பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தவ சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாடியே போனை நீட்டி "மாமா, இந்த ரெண்டு கேமராவுல எது வாங்கட்டும்"னு கேட்டா. ஒண்ணு கேரசெல்ங்கற செகண்ட் ஹேண்ட் ஆப்ல யாரோ விக்கிற பழைய சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, 2014ல வந்த மாடல், லென்ஸ் கழட்ட முடியாம கூடவே இருக்கற குட்டி காம்பாக்ட். இன்னொண்ணு கடையில புதுசா கிட் லென்ஸோட, அதாவது கேமரா கூடவே தர்ற சாதா லென்ஸோட, கேனன் ஆர்50, இது 2023ல வந்த மிரர்லெஸ், லென்ஸ கழட்டி மாத்தலாம். நான் பட்டுன்னு பதில் சொல்லல, ஏன்னா இதே கேள்விக்கு முன்னாடி ஒரு தடவ நானே தப்பா பதில் கண்டுபிடிச்சு மிரர்லெஸ் வாங்கி, ரெண்டு வருஷம் அத ஈரம் சேராம வெக்கற டிரை பாக்ஸ்ல தூங்க வெச்ச ஆளு. அதனால அவளுக்கு சொன்னத எல்லாம் இங்க வரிசையா எழுதிடறேன், வரிசைன்னா ஏறக்குறைய வரிசை.

மொதல்ல கடைக்கும் போகாதீங்க, ரிவ்யூ வீடியோவும் பாக்காதீங்க. உங்க போன் கேலரிய தொறந்து கடைசி மூணு மாசத்து படத்த ஓட்டிப் பாருங்க. எது எது சரியா வரலையோ அத மட்டும் கவனிங்க. இருட்டுல எடுத்து சொதசொதன்னு போனதா, ஓடற புள்ளைய எடுத்து கலங்கிப் போனதா, தூரத்துல இருந்த பறவைய ஜூம் பண்ணி பெயிண்ட் அடிச்ச மாதிரி ஆனதா? மருமக கேலரில இருந்தது பூரா ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடைங்கள்ல பிரெண்ட்ஸ், ஹாஜி லேன் ஓவியச் சுவரு, அடுக்குமாடி பிளாக்குக்கு கீழ தொறந்து கெடக்கற வாய்ட் டெக்ல தூங்கற பூனை, ராத்திரில மரினா பே. பறவை ஒண்ணு கூட இல்ல. ஓடற ஆளும் இல்ல. இது முக்கியமான தகவல், பின்னாடி தேவைப்படும்.

அடுத்து வெளிச்சக் கணக்கு. இத கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஸ்கூல் கணக்குதான். கேமராவுக்குள்ள படத்தப் புடிக்கற சில்லுதான் சென்சார், அதோட பரப்பளவ சதுர மில்லிமீட்டர்ல எடுத்துக்கங்க, லென்ஸோட எஃப் நம்பர (சின்னதா இருந்தா லென்ஸ் அகலமா தொறந்து நெறைய வெளிச்சம் விடும்) அதாலயே பெருக்கி, அந்த விடையால பரப்பளவ வகுங்க. வர்ற நம்பர் பெருசா இருந்தா இருட்டுல நல்லா வரும், பின்னாடி இருக்கறதும் அழகா கலங்கும், அவ்ளோதான். ஆர்எக்ஸ்100 மார்க் 3ல ஒரு இன்ச் சென்சார், இன்ச்ங்கறது பேருக்குத்தான், நெசத்துல 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், அதாவது 116. லென்ஸ் எஃப் 1.8. வகுத்தா 36 வரும். கேனன் ஆர்50ல ஏபிஎஸ்-சிங்கற அளவு சென்சார், 22.3க்கு 14.9, பரப்பளவு 332, கிட்டத்தட்ட மூணு மடங்கு பெருசு. ஆஹான்னு தோணும். ஆனா கூட வர்ற 18-45 கிட் லென்ஸ் எஃப் 4.5ல தான் ஆரம்பிக்குது, வகுத்துப் பாருங்க, 16. பாதி கூட இல்ல! ஜூம் பண்ணினா இன்னும் மோசம், சோனி ஜூம் கடைசில எஃப் 2.8க்கு போய் 15 ஆகுது, கேனன் கிட் லென்ஸ் எஃப் 6.3க்கு போய் 8 ஆகுது. புது சென்சார் கொஞ்சம் சுத்தமா எடுக்கும், அது உண்மை, ஆனா இந்த ரெண்டு மடங்கு வித்தியாசத்த அது மட்டும் வெச்சு சரிக்கட்ட முடியாது. இப்ப வர்ற பெரிய சென்சார் போனுங்களே 20ஐ ஒட்டி நிக்குதுங்க, அதுலயும் போன் பத்து படத்த எடுத்து ஒண்ணா அடுக்கி ஏமாத்தும். அதனாலதான் நெறைய பேர் புது மிரர்லெஸ் வாங்கிட்டு வந்து ராத்திரில எடுத்துப் பாத்துட்டு "இது என் போன் மாதிரி கூட வரலயே"ன்னு தலைய சொறியறாங்க, நானும் சொறிஞ்சேன்.

எல்லா கிட் லென்ஸும் இவ்ளோ மோசம் இல்ல. சோனி ஏபிஎஸ்-சி பாடிங்களோட வர்ற 16-50 எஃப் 3.5ல ஆரம்பிக்கும், அது 30 வரைக்கும் வருது. இருந்தாலும் பழைய காம்பாக்ட தாண்டல பாருங்க.

இப்ப அதே ஆர்50ல ஒரு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 மாட்டினா? 332ஐ 3.24ஆல வகுத்தா 102. கதையே மாறிடுச்சு, காம்பாக்ட போல மூணு மடங்கு. ஆனா ஒரு சிக்கல், ஏபிஎஸ்-சில 50ங்கறது பழைய ஃபிலிம் கேமராவுல 80 மாட்டின மாதிரி நெருக்கமா காட்டும், ஹாக்கர் சென்டர் மேசையில எதிர்ல உக்காந்திருக்கற ஆளோட மூஞ்சிதான் வரும், அவங்க சாப்பிடற மீகோரெங் வராது. அதுக்கு 28 எஃப் 2.8 மாதிரி குட்டி லென்ஸோ, இல்ல சிக்மாவோட 18-50 எஃப் 2.8 ஜூமோ எடுக்கலாம், ரெண்டும் 42 வரும், அந்த சிக்மா சோனிக்கும் இருக்கு ஃபூஜிக்கும் இருக்கு, 2024ல இருந்து ஆர்50ல மாட்டற மாதிரி கேனன் ஆர்எஃப்புக்கும் வந்தாச்சு. ஆக என் கட்சி இதுதான்: மிரர்லெஸ் வாங்கறதா இருந்தா ரெண்டாவது லென்ஸுக்கும் சேத்து காசு எடுத்து வெச்சுட்டு வாங்குங்க, கிட் லென்ஸோட நிறுத்திக்கற ஆளா இருந்தா காம்பாக்டே வாங்குங்க.

அப்போ மிரர்லெஸ்னால என்னதான் லாபம்னா, ஃபோக்கஸ். இங்க பழைய காம்பாக்ட் கிட்டவே வர முடியாது. ஆர்எக்ஸ்100 வரிசையில 2016ல வந்த மார்க் 5ல இருந்துதான் எங்க நிக்கணும்னு நேரா கணக்குப் போட்டு புடிக்கற ஃபேஸ் டிடெக்ட் ஃபோக்கஸ் இருக்கு, அதுக்கு முந்தினது எல்லாமும், கேனனோட காம்பாக்ட் ஜி7 எக்ஸ் மார்க் 2வும் கான்ட்ராஸ்ட் வெச்சு முன்னும் பின்னும் தடவித் தடவித்தான் புடிக்கும். நிக்கற ஆளுக்கு ஓகே. தைப்பூசத்துக்கு பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி ஆடி ஆடி வர்றாங்கல்ல, அங்க ஆளோட கண்ண புடிச்சுட்டு விடாம கூடவே வர்ற புது மிரர்லெஸ் வேற லெவல். தத்தித் தத்தி நடக்கற சின்னப் புள்ளைங்க வீட்ல இருந்தாலும் அதேதான், யோசிக்கவே வேணாம். பறவை, பிஷான் பார்க் நீர்நாய், பாசிர் ரிஸ் ஹார்ன்பில் பின்னாடி அலையற ஆளா இருந்தா இத மேற்கொண்டு படிக்கவே தேவையில்ல, மிரர்லெஸ்ஸும் நீள லென்ஸும்தான்.

சரி, தண்ணி பாட்டில். ஆர்50 பாடி பேட்டரி கார்டோட 375 கிராம், கிட் லென்ஸ் 130. மொத்தம் 500 கிராம் சொச்சம். அரை லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்கி, குடிக்காம, நீங்க தெனமும் தூக்கற அதே பையில ஒரு வாரம் போட்டுட்டு சுத்துங்க. எம்ஆர்டி ரயில்ல, பஸ்ல, வேலைக்கு, தேக்கா மார்க்கெட்டுக்கு, எல்லா எடத்துக்கும். வாரக் கடைசி வரைக்கும் பாட்டில் பையில இருந்தா நீங்க மிரர்லெஸ் ஆளு. புதன்கிழமையே வீட்ல வெச்சுட்டு கெளம்பிட்டீங்கன்னா காம்பாக்ட், அது 290 கிராம்தான், பேன்ட் பாக்கெட்ல போயிடும். கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா நான் இத முன்னாடியே பண்ணியிருந்தா எனக்கு ஆயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல மிச்சமாயிருக்கும்.

சிசிடிங்கற பழைய வகை சென்சார் கேமரா மேல இப்ப இருக்கற மோகம் பத்தி ஒரு வார்த்தை. 2000கள்ல வந்த குட்டி காம்பாக்ட, அப்பாவோட பழைய டிராயர்ல கெடந்தத எல்லாம் இப்ப பசங்க தேடித் தேடி வாங்குறாங்க. அதுல சென்சார் ரொம்ப சின்னது, நம்ம கணக்குப்படி 4 கிட்டதான் வரும். அதனால வெயில்லயும், ராத்திரில முகத்துக்கு நேரா ஃப்ளாஷ் அடிச்சும் எடுத்தாதான் அந்த லுக் வரும், நடுவுல எதுவும் வராது. தெரிஞ்சு வாங்கினா ஜாலி. ஆனா மெமரி கார்டு என்னன்னு பாத்துக்கங்க, பழைய ஒலிம்பஸ்ல எக்ஸ்டி கார்டு, பழைய சோனில மெமரி ஸ்டிக், எஸ்டி போடற கேமராவே ரொம்ப பழசா இருந்தா 2 ஜிபிக்கு மேல படிக்காது. அதுக்கு அம்பது வெள்ளிக்கு மேல கொடுக்காதீங்க, இது என் சொந்த அபிப்பிராயம், கோவப்படாதீங்க லா.

பழைய காம்பாக்ட்னு முடிவு பண்ணிட்டா வாங்கற அன்னைக்கு செய்ய வேண்டியது நெறைய இருக்கு, இங்கதான் அவசரப்படக் கூடாது. விக்கறவர எம்ஆர்டி ஸ்டேஷன்ல நல்ல வெளிச்சமான எடத்துல வரச் சொல்லுங்க, உங்க சொந்த எஸ்டி கார்டையும் போன்ல மாட்டற கார்டு ரீடரையும் எடுத்துட்டுப் போங்க. கேமராவ ஆன் ஆஃப் பண்ணி பண்ணி பத்து தடவ லென்ஸ் வெளிய வந்து உள்ள போகுதான்னு பாருங்க, காதுல வெச்சுக் கேளுங்க, கரகரன்னு மண்ணு அரைக்கற சத்தம் வந்தா வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க, காம்பாக்ட் சாவறதே பெரும்பாலும் அந்த லென்ஸ் மோட்டார்லதான். அப்புறம் வெள்ளைப் பேப்பரோ வெறும் சுவரோ, எஃப் நம்பர 11ல வெச்சு ஒரு படம் எடுத்து போன்ல பெருசாக்கிப் பாருங்க, சாம்பல் கலர்ல புள்ளி புள்ளியா தெரிஞ்சா உள்ள தூசி. மிரர்லெஸ்னா லென்ஸ கழட்டி காத்துப் பம்ப்பால ஊதிடலாம், காம்பாக்ட்ல பிரிச்சுதான் எடுக்கணும், கூலி கேமரா விலைல பாதி கேப்பாங்க. போன் டார்ச்ச லென்ஸ் மேல சாய்ச்சு அடிச்சு உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கான்னு பாருங்க. ஸ்கிரீன தூக்கி இறக்கி எங்கயாவது அணையுதான்னு பாருங்க. பேட்டரிய வெளிய எடுத்து மேசையில வெச்சு சுண்டி விடுங்க, பம்பரம் மாதிரி சுத்தினா உப்பிப் போச்சுன்னு அர்த்தம். இன்னொண்ணு, மெனு மொழி. ஜப்பான் உள்ளூர் சந்தைக்கு விட்ட சோனி கேமராங்க பலதுல ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும், மாத்தவே முடியாது, இங்க அந்த மாதிரி செட்டு நெறைய சுத்துது. போட்டோல கேமராவ ஆஃப் பண்ணியே காட்டற விளம்பரம்னா மொதல்ல அதத்தான் கேக்கணும்.

மாடல் தேர்வுல ஒரு சின்ன டிப்ஸ், பேட்டரி இன்னும் கெடைக்கற மாடலா பாருங்க. ஆர்எக்ஸ்100 வரிசை எல்லாத்துக்கும் ஒரே என்பி-பிஎக்ஸ்1 பேட்டரிதான். ஜி7 எக்ஸ் மார்க் 2வுக்கும் 3க்கும் ஒரே பேட்டரி. ஆனா ஜி7 எக்ஸ் பக்கம் இப்ப போகாதீங்கன்னுதான் சொல்லுவேன், வீடியோ பசங்க புண்ணியத்துல விலை தாறுமாறா ஏறிக் கெடக்கு, அந்தக் காசுக்கு மிரர்லெஸ் பக்கம் வந்துடலாம்.

கடையில வாங்கறதா இருந்தா சிட்டி ஹால் பக்கத்துல பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் ஒரு சுத்து சுத்துங்க, புதுசும் இருக்கும் பழசும் இருக்கும், கைல புடிச்சுப் பாக்கலாம். புதுசுன்னா இங்க விக்கறதுக்கு வந்த லோக்கல் செட்டா, வெளிநாட்டு சந்தைக்குன்னு வந்த எக்ஸ்போர்ட் செட்டான்னு கேட்டுட்டு அப்புறம் விலை பேசுங்க, சொல்ற விலைல ஜிஎஸ்டி 9 சதவீதம் சேந்திருக்கான்னும் கேளுங்க. எனக்கு ஒரு கடைல, பேர் வேணாம், விலை பேசி முடிச்சு கார்டு தேய்க்கப் போறப்பதான் "சார்ஜர் தனி"ன்னாங்க, எந்திரிச்சு வந்துட்டேன். கடைல வாங்கறதுல ஒரு பெரிய நன்மை லெமன் லா, கோளாறான பொருள வாங்கினவங்களக் காப்பாத்தற சட்டம், 2012 செப்டம்பர்ல இருந்து இருக்கு, ஆறு மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா அது விக்கும்போதே இருந்ததுன்னு எடுத்துக்குவாங்க, ரிப்பேரோ மாத்தியோ கேக்கலாம். கடைல வாங்கின செகண்ட் ஹேண்டுக்கும் உண்டு, பழசுக்கு ஏத்த தேய்மானத்த கழிச்சுப் பாப்பாங்க. தனி ஆளுகிட்ட வாங்கினா இது கெடையாது, அதுக்குத்தான் மேல அவ்ளோ சோதனை.

எது வாங்கினாலும் நம்ம ஊரு ஈரம் விடாது. சிங்கப்பூர் காத்துல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல, லென்ஸுக்கு நல்லது 40ல இருந்து 50. மிரர்லெஸ்ஸும் லென்ஸுமா சேந்துட்டா மின்சார டிரை கேபினட் வாங்கிடுங்க, அந்தச் செலவையும் பட்ஜெட்ல இப்பவே எழுதுங்க. காம்பாக்ட் ஒண்ணுதான்னா காத்து போகாத சாப்பாட்டு டப்பா, சிலிக்கா ஜெல், பத்து வெள்ளிக்குள்ள ஒரு ஈரப்பத மீட்டர், போதும். ஏர்கான் ரூம்ல இருந்து நேரா வெளிய போய் எடுத்தா லென்ஸ் மூடுபனி மாதிரி மறைச்சுக்கும், துடைக்காதீங்க, பைக்குள்ளயே கால் மணி நேரம் விட்டு வெளிய எடுங்க.

மருமக பாட்டில் சோதனை பண்ணினா. செவ்வாய்க்கிழமையே தண்ணிய குடிச்சுட்டாளாம். மொதல்ல பாத்த ஆர்எக்ஸ்100 ஜப்பானிய மெனு, திரும்பி வந்துட்டா, ரெண்டாவது செங்காங்ல ஒரு ஆன்ட்டிகிட்ட கெடச்சுது, பெட்டியோட, தூசியில்லாம. மிச்சக் காசுல ஸ்பேர் பேட்டரி ஒண்ணு வாங்கிக்கச் சொன்னேன், ஒரு பேட்டரி ஒரு நாள் முழுக்க தாங்காது. தைப்பூசத்துக்கு மட்டும் என்னோட மிரர்லெஸ்ஸ கடன் கேட்டிருக்கா. 50 மில்லிமீட்டர் மாட்டித் தரேன்னு சொல்லியிருக்கேன், கிட் லென்ஸ எங்க வெச்சேன்னே தெரியல.