ஃபைல் யார் கையில்? ஆங்கிலத்தில் கமா செய்யும் வேலை

'த டாக்டர் கால்ட் த நர்ஸ் ஹோல்டிங் த ஃபைல்.' இதில் ஃபைல் யார் கையில் இருக்கிறது? நர்ஸ் கையில். இப்போது 'நர்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கமா போட்டுப் பாருங்கள், ஃபைல் டாக்டர் கைக்குப் போய்விடும்.

'ஹோல்டிங்' என்பதற்குத் தனியாக எழுவாய் கிடையாது. கமா இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளும், கமா வந்தால் அதைத் தாண்டி வாக்கியத்தின் எழுவாயிடம் போகும். இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம், நாம் பள்ளியில் படித்த பெயரெச்சம், வினையெச்சம் போதும். 'ஃபைலை வைத்திருந்த நர்ஸை டாக்டர் கூப்பிட்டார்' என்று மனதில் வந்தால் பெயரெச்சம், கமா போடாதீர்கள். 'ஃபைலை வைத்துக்கொண்டே டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார்' என்று வந்தால் வினையெச்சம், கமா போடுங்கள்.

எல்லா இடத்திலும் கமா மட்டும் காப்பாற்றாது. 'ஷி வேவ்ட் அட் ஹர் மதர், ஸ்டாண்டிங் அட் த கேட்' என்று எழுதினால் கேட்டில் நிற்பது மகளா அம்மாவா? அம்மா ஒருவர்தான், எந்த அம்மா என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் அம்மா நின்றாலும் அங்கே கமா வரும். மகள் நின்றால் 'ஸ்டாண்டிங் அட் த கேட்' என்பதை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோங்கள், அம்மா நின்றால் 'ஹூ வாஸ்' சேர்த்துவிடுங்கள். நான் இப்படித்தான் செய்கிறேன், சொல் கூடினாலும் பரவாயில்லை.

இன்னொன்று, 'இட் ரெய்ன்ட் ஆல் நைட், ஃப்ளடிங் த ரோட்ஸ்' போன்றவற்றில் கமாவுக்குப் பின் வருவதற்கு எழுவாய் ஒரு ஆளோ பொருளோ அல்ல, இரவெல்லாம் மழை பெய்த அந்தச் சம்பவமேதான். இது சரியான ஆங்கிலம், பயப்படாமல் எழுதலாம்.

சரி, தமிழர்கள் நாம் அதிகம் தவறுவது எங்கே தெரியுமா? 'கடிதத்தைப் படிக்கும்போது விளக்கு அணைந்தது' தமிழில் முழுக்கச் சரி, படித்தது நான், அணைந்தது விளக்கு என்று யாருக்கும் புரியும். அதை அப்படியே 'வைல் ரீடிங் த லெட்டர், த லைட்ஸ் வென்ட் அவுட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், கமாவுக்கு அடுத்து நிற்கும் விளக்குதான் கடிதம் படித்ததாக ஆகிவிடும், ஏனென்றால் அந்த 'ரீடிங்' நம் 'படிக்கும்போது' அல்ல, 'படித்துக்கொண்டே'. 'படித்துக்கொண்டே விளக்கு அணைந்தது' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள், காதே உதறிவிடும். அப்போது சுருக்கியதை விரித்துவிடுங்கள்: 'வைல் ஐ வாஸ் ரீடிங் த லெட்டர், த லைட்ஸ் வென்ட் அவுட்.'