ஜே-1 விசாவில் அமெரிக்கப் பள்ளி வேலை: சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது

ஆண்டுக்கு 54,000 டாலர் என்று ஒப்பந்தம் வந்ததும் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 4,500 என்று மனக்கணக்குப் போடாதவர் கிடையாது. கைக்கு அவ்வளவு வராது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்தியாவிலிருந்து ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் போகும் ஆசிரியரிடம் பிடிக்கவே கூடாத ஒரு தொகையை முதல் மாதமே பிடித்துவிடுவதுண்டு. நிறையப் பிடிக்க வேண்டிய இன்னொன்றைக் குறைவாகப் பிடித்து, அடுத்த ஏப்ரலில் மீதியை மொத்தமாகக் கட்டச் சொல்வதும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பள்ளி மாவட்டத்தின் சம்பளப் பிரிவு, உள்ளூர் ஆசிரியர்களுக்கான அமைப்பிலேயே உங்களையும் ஏற்றிவிடுகிறது. அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. வெளிநாட்டு ஆசிரியருக்கான விதி அவர்கள் கைக்கு அடிக்கடி வருவதில்லை, அவ்வளவுதான். ஆகவே முதல் சீட்டை வரிவரியாகச் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

முதல் சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டியவை

மேலே மொத்தச் சம்பளம் இருக்கும். முதலில் அது எத்தனை தவணையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பள்ளி வேலை பத்து மாதம்தான். சில மாவட்டங்கள் பத்துத் தவணையாகக் கொடுத்துக் கோடையில் நிறுத்திவிடும். சில பன்னிரண்டாகப் பிரித்துத் தரும். பத்துத் தவணை என்றால் ஜூன், ஜூலை வாடகையை நீங்களே ஒதுக்கி வைக்க வேண்டும். அதோடு, கோடை மாதங்களின் காப்பீட்டுத் தொகையையும் சேர்த்து ஏப்ரல், மே சீட்டுகளில் இரட்டிப்பாகப் பிடிப்பது வழக்கம். அந்த மாதம் கைக்கு வருவது குறைந்தால் பதறாதீர்கள்.

அடுத்து, வரிக்கு முன் கழிப்பவை: காப்பீட்டுப் பிரீமியம், ஓய்வூதியப் பங்கு போன்றவை. இவற்றைக் கழித்த பிறகே கூட்டரசு வருமான வரி கணக்கிடப்படும். அதன் கீழே வரிகள். 'ஓ.ஏ.எஸ்.டி.ஐ.' (சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வுக்காலத் திட்டத்துக்கான வரி) என்றும் 'மெடிகேர்' (முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான வரி) என்றும் இரண்டு வரிகள் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இந்த வழிகாட்டியின் அடுத்த பகுதி உங்களுக்காகத்தான். வலது ஓரத்தில் 'ஒய்.டி.டி.' என்ற பத்தி, ஜனவரியிலிருந்து சேர்ந்த மொத்தத்தைக் காட்டும். தவறு எத்தனை மாதமாக ஓடுகிறது என்று அறிய அதுவே சுலபமான வழி.

ஃபைகா: பிடிக்கக் கூடாதது

சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம், ஆக 7.65. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஃபைகா என்று பெயர். வரி நோக்கில் 'வெளிநாட்டு வாசி'யாக, அதாவது வரிக்காக அமெரிக்காவில் வசிப்பவராகக் கருதப்படாதவராக இருக்கும் ஜே-1 ஆசிரியருக்கு இதிலிருந்து சட்டப்படியே விலக்கு உண்டு. மாதம் 4,500 டாலருக்கு இது 344.25 டாலர். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது. ஓய்வுக்காலப் பலன் பெற 40 கிரெடிட், அதாவது பத்தாண்டு வேலை தேவை. மூன்று நான்கு ஆண்டில் திரும்புபவருக்கு இந்தப் பணம் போனது போனதுதான். அதனால்தான் இந்த ஒரு வரியில் விடாப்பிடியாக இருக்கச் சொல்கிறோம்.

விலக்கு எவ்வளவு காலம்? ஆசிரியருக்கு இரண்டு நாட்காட்டி ஆண்டுகள். வந்து இறங்கிய நாளிலிருந்து 24 மாதம் என்று எண்ணக் கூடாது. 2025 ஆகஸ்டில் வந்தவருக்கு 2025 முழு ஓர் ஆண்டாகக் கணக்கில் போய்விடும், 2026 இரண்டாவது. 2027 ஜனவரி 1 முதல் அவர் அங்கே இருக்கும் நாட்கள் எண்ணப்படும். அந்த ஆண்டில் 183 நாள் இருந்தால், ஜனவரியிலிருந்தே வரி நோக்கில் 'வாசி' ஆகிவிடுவார். ஆகவே ஃபைகா விலக்கு 17 மாதம். நம் கணக்கில் 5,852 டாலர். கடந்த ஆறு நாட்காட்டி ஆண்டுகளில் எஃப் (மாணவர்) அல்லது ஜே விசாவில் அங்கே இருந்தவருக்கு இந்தக் கணக்கு மாறும். எச்-1பி என்ற வேலை விசாவில் வருபவருக்கு முதல் நாளிலிருந்தே ஃபைகா உண்டு. ஜே-2 விசாவில் வரும் கணவரோ மனைவியோ அனுமதி பெற்று வேலை செய்தால், அவர் சம்பளத்திலும் பிடிப்பது சரியே.

நாட்களை எண்ண வேண்டாம் என்று சொல்ல ஒவ்வோர் ஆண்டும் 8843 படிவம் அனுப்ப வேண்டும். வருமானமே இல்லாத மனைவி, குழந்தைகளுக்கும் ஆளுக்கொன்று. பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

வரி ஒப்பந்தம்: இன்னொரு 'இரண்டு ஆண்டு'

குழப்பம் தொடங்குவது இங்கேதான். இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22வது பிரிவு, கற்பிக்க வரும் இந்தியருக்குக் கூட்டரசு வருமான வரியிலிருந்தே விலக்குத் தருகிறது. இதற்கும் இரண்டு ஆண்டுதான். ஆனால் இது வந்த தேதியிலிருந்து ஓடும் 24 மாதம். ஃபைகாவின் ஆண்டுக்கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்க்கவே கூடாது.

நிபந்தனைகள் கறாரானவை. புறப்படுவதற்குச் சற்று முன்புவரை நீங்கள் இந்தியாவில் வசிப்பவராக இருந்திருக்க வேண்டும். வளைகுடாப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு அங்கிருந்தே நேராக அமெரிக்கா போனவருக்கு இது பொருந்தாது. அதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு: வருகை இரண்டு ஆண்டைத் தாண்டினால், தாண்டிய மாதங்களுக்கு மட்டுமல்ல, முதல் நாளிலிருந்தே விலக்கு ரத்தாகிவிடும். ஜே-1 ஆசிரியர் திட்டமோ மூன்றாண்டு வரை போகும். அதற்குமேல் நீட்டிப்பும் உண்டு. மூன்றாம் ஆண்டுக்கு ஒப்புக்கொண்ட அன்றே, முதல் இரண்டு ஆண்டுக்கும் கட்டாத வரி வட்டியோடு கடனாக நிற்கும். நம் 54,000 டாலர் கணக்கில், 2025இன் ஐந்து மாதத்துக்கும் 2026க்கும் சேர்த்தே 9,000 டாலரைத் தாண்டும்.

எங்கள் யோசனை இது: வேலை ஒப்பந்தமோ, ஜே-1 திட்டத்தின் காலத்தைக் காட்டும் டி.எஸ்.-2019 படிவமோ மூன்றாண்டு என்று சொன்னால் இந்த விலக்கைக் கேட்கவே வேண்டாம். இரண்டே ஆண்டில் திரும்புவது உறுதி என்றால் கேளுங்கள். அதற்கு 8233 படிவமும், வரி ஒப்பந்த நிபந்தனைகள் உங்களுக்குப் பொருந்துகின்றன என்ற உறுதிமொழியும் தேவை. சோஷியல் செக்யூரிட்டி எண் வந்த பிறகே அதை நிரப்ப முடியும். சம்பளப் பிரிவு அதை ஐந்து நாளுக்குள் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு (அமெரிக்க வரித்துறை) அனுப்பிப் பத்து நாள் காத்திருந்த பிறகுதான் பிடித்தத்தை நிறுத்தும். ஒவ்வோர் ஆண்டும் புதிய 8233 கொடுக்க வேண்டும். ஜனவரியில் மறந்தால் பிடித்தம் மறுபடி தொடங்கும். கலிஃபோர்னியா, பென்சில்வேனியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் இந்த ஒப்பந்தத்தை ஏற்பதில்லை. அங்கே மாநில வரி வழக்கம்போல் போகும். டெக்சாஸ், ஃபுளோரிடாவில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லை.

டபிள்யூ-4: குறைவாகப் பிடித்தால் வரும் சிக்கல்

வரி ஒப்பந்த விலக்கு கேட்காதவருக்குக் கூட்டரசு வரி எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது டபிள்யூ-4 படிவம். வேலையில் சேரும் நாளில் பத்துப் பதினைந்து தாள்களோடு இதையும் நீட்டுவார்கள். அந்த அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அமெரிக்கருக்குக் கிடைக்கும் நிலையான கழிவு (வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளும் தொகை) வெளிநாட்டு வாசிக்குக் கிடையாது. (இந்திய மாணவருக்கு ஒப்பந்தப்படி கிடைக்கும். 'எனக்குக் கிடைத்ததே' என்று சொல்லும் நண்பர் அனேகமாக மாணவராக இருப்பார்.) 2026இல் தனிநபரின் நிலையான கழிவு 16,100 டாலர். அது இல்லாமல் 54,000 டாலருக்குக் கூட்டரசு வரி 6,592 டாலர், இருந்தால் 4,300. படிவத்தில் திருமணமானவர், கூட்டாகத் தாக்கல் செய்பவர் என்று குறித்துவிட்டால் ஏறக்குறைய 2,180 டாலர்தான் பிடிப்பார்கள். மாதாமாதம் கை நிறைய வருவதுபோல் இருக்கும். ஏப்ரலில் 4,412 டாலர் நிலுவை நிற்கும். கட்டிய மாநில வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் உண்மைத் தொகை சற்றுக் குறையலாம். ஆனாலும் அடி பலமாகத்தான் விழும்.

செய்ய வேண்டியது எளிது. உங்களுக்குத் திருமணம் ஆகியிருந்தாலும் 'சிங்கிள் அல்லது தனித்தனியாகத் தாக்கல் செய்யும் மணமானவர்' என்ற கட்டத்தையே குறியுங்கள். 4(சி) படிக்குக் கீழே உள்ள இடத்தில் 'நான்ரெசிடென்ட் ஏலியன்' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிடித்தமே வேண்டாம் என்ற விலக்கை இந்தப் படிவத்தில் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. இந்த விதிகள் ஐ.ஆர்.எஸ்.ஸின் 1392ஆம் அறிவிக்கையில் இருக்கின்றன. அதை அச்செடுத்துப் படிவத்தோடு சேர்த்துக் கொடுத்தால் சம்பளப் பிரிவுடன் வாதாட வேண்டியிருக்காது.

வரி நோக்கில் வாசியான ஆண்டில் டபிள்யூ-4ஐ மாற்றிக் கொடுங்கள். அப்போது நிலையான கழிவு, கூட்டுத் தாக்கல் எல்லாம் கிடைக்கும். ஆனால் இந்தியாவில் வரும் வட்டி, வாடகையையும் அமெரிக்காவில் காட்ட வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதற்குத் தனி அறிக்கையும் உண்டு.

மருத்துவக் காப்பீடு

உங்களுக்கு மட்டும் எடுத்தால் பிரீமியம் பெரும்பாலும் தாங்கக்கூடியது. குடும்பத்தையும் சேர்த்தால் பல மடங்காகும். சேரும் முன் விலைப் பட்டியல் கேளுங்கள். ஜே-1 விதி தனியாக ஒன்று கேட்கிறது: நோய் அல்லது விபத்து ஒன்றுக்கு 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காக நாடு திருப்பி அனுப்ப 50,000, உடலைத் தாயகம் அனுப்ப 25,000, நீங்கள் முதலில் கட்ட வேண்டிய பங்கு ஒரு நோய்க்கு 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. பள்ளி தரும் நல்ல திட்டங்களில்கூடக் கடைசி மூன்றும் பல நேரம் இருக்காது. அந்தக் குறையை நிரப்பும் சிறிய காப்பீட்டை ஸ்பான்சர் (உங்கள் ஜே-1 திட்டத்தை நடத்தும் அமைப்பு) வழியாக எடுப்பார்கள். இரண்டு முழுக் காப்பீட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோமா என்று ஒருமுறை பாருங்கள்.

ஓய்வூதியம், சங்கச் சந்தா

மாநில ஆசிரியர் ஓய்வூதியப் பங்கு பெரிய தொகை: டெக்சாஸில் 8.25 சதவீதம், கலிஃபோர்னியாவில் பத்துக்குச் சற்று மேல். தற்காலிக விசாவில் வருபவரை இதில் சேர்ப்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், நீங்கள் சேர்க்கப்பட வேண்டியவர்தானா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். 403(பி) போன்ற சேமிப்புத் திட்டங்கள் உங்கள் விருப்பம். சங்கச் சந்தாவும் அப்படியே: 2018இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அரசுப் பள்ளி ஆசிரியரிடம் சம்மதமின்றிப் பிடிக்க முடியாது.

ஃபைகா பிடித்துவிட்டார்கள் என்றால்

முதலில் சம்பளப் பிரிவுக்கு எழுதுங்கள். விசா, ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு), டி.எஸ்.-2019 நகல்களோடு, 'வெளிநாட்டு வாசி, ஜே-1, முதல் ஆண்டு' என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். பிடித்ததைத் திருப்பித் தந்து, தங்கள் கணக்கை 941-எக்ஸ் படிவத்தில் திருத்திக்கொள்ள அவர்களால் முடியும். அதே ஆண்டுக்குள் கேட்டால் வேலை சுலபம். டிசம்பர் தாண்டினால் டபிள்யூ-2வையும் (ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம்) திருத்த வேண்டும் என்பதால் இழுத்தடிக்கும். மறுத்தாலோ பதிலே சொல்லாவிட்டாலோ, 843, 8316 ஆகிய இரண்டு படிவங்களையும் டபிள்யூ-2 நகல், விசா ஆவணங்களுடன் நீங்களே ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்பலாம். பொதுவாக, அடுத்த ஆண்டு ஏப்ரல் 15இலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. வருமான வரிப் படிவத்தில் இதைக் கேட்க முடியாது; அங்கே கேட்டு மறுக்கப்பட்டவர்கள் நிறைய.

ஜனவரி இறுதிக்குள் டபிள்யூ-2 வரும். விலக்குக் காலத்தில் அதன் 3 முதல் 6 வரையான கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும். ஒப்பந்த விலக்கு பெற்றவருக்கு, விலக்கான சம்பளம் 1042-எஸ் என்ற தனிப் படிவத்தில் மார்ச் மத்தியில் வரும்; அது வராமல் தாக்கல் செய்யாதீர்கள். தாக்கல் செய்ய வேண்டியது வெளிநாட்டு வாசிக்கான வருமான வரிப் படிவமான 1040-என்.ஆர். விளம்பரங்களில் வரும் பிரபல வரி மென்பொருள்கள் பலவும் சாதாரண 1040ஐயே போட்டுவிடும். அதில் வரும் பெரிய ரீஃபண்டைப் பார்த்து மகிழ வேண்டாம்; அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

நாடு திரும்பும்போது, சம்பளச் சீட்டு வலைத்தளத்தில் உங்கள் கணக்கை மூடுவதற்கு முன் எல்லாச் சீட்டுகளையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்; டபிள்யூ-2 வந்து சேர இந்திய முகவரியும் சொந்த மின்னஞ்சலும் கொடுங்கள். ஓய்வூதியப் பங்கைத் திரும்பப் பெறும் படிவத்தைக் கிளம்பும் முன்பே வாங்கி வையுங்கள். நாடு திரும்பிய பின் அந்தப் பணம் வந்தால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவதே வழக்கம். அதைச் சரிசெய்ய அந்த ஆண்டுக்கும் ஒரு 1040-என்.ஆர். போட வேண்டியிருக்கும். அதுவரை அமெரிக்க வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.