அலெக்ரோ: வேகத்துக்கு முன் பொருளை வாசிப்பது எப்படி?

மேற்கத்திய இசைத்தாளின் தலைப்பில் ‘அலெக்ரோ’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலருக்கும் கை தானாக வேகமெடுத்துவிடுகிறது. இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மகிழ்ச்சியான, உற்சாகமான என்பதே பொருள். சுறுசுறுப்பைக் குறிக்கும் ‘அலாகெர்’ என்ற லத்தீன் சொல்லே அதன் வேர். மனநிலையைச் சொல்ல வந்த சொல்லோடு வேகம் பிறகுதான் ஒட்டிக்கொண்டது என்பதால், வாசிக்கும்போதும் அதே வரிசையில் போவதுதான் சரி.

முதலில் குறிப்பை முழுமையாகப் படியுங்கள். அலெக்ரோவோடு சேர்ந்து வரும் சொற்களில் ‘கான் பிரியோ’ துடிப்பையும், ‘மேஸ்டோசோ’ கம்பீரத்தையும், ‘மா நான் ட்ரோப்போ’ அளவு மீறாமையையும் கேட்கின்றன. ‘அலெக்ரெட்டோ’ என்ற தனிக் குறிப்பு அலெக்ரோவைவிட நிதானமானது.

அடுத்தது எண். சீரான இடைவெளியில் தட்டி வேகத்தைக் காட்டும் கருவியான மெட்ரோனோம்கள் பலவற்றில் அலெக்ரோவுக்கு நேராக, நிமிடத்துக்கு 120 முதல் 168 தட்டுகள் வரை என்று அச்சிட்டிருக்கும்; ஆனால் அந்த எண் எந்த நீளமுள்ள ஸ்வரத்துக்கு உரியது என்று பார்க்காவிட்டால் அதனால் பயனில்லை. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் முதல் பகுதி ‘அலெக்ரோ கான் பிரியோ’. 1817இல் அவர் அதற்குக் கொடுத்த எண் 108; அது அரை ஸ்வரத்துக்கு (half note), அதாவது 2/4 தாளத்தில் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு முழு அடைப்புக்கு (bar) உரியது. மெட்ரோனோமை 108இல் வைத்துக் கைதட்டிப் பாருங்கள்: முதல் தட்டு ஒலியில் விழாமல் மௌனத்தில் விழும், அதன்பின் மூன்று குறுகிய ஸ்வரங்கள் ஓடிவரும், நீண்ட ஸ்வரம் இரண்டாவது தட்டில் இறங்கும். அந்த மௌனத்தை உள்ளுக்குள் உணராதவர்கள் மூன்று ஸ்வரங்களையும் மும்மையாக (triplet), அதாவது ஒரே தட்டை மூன்று சம பங்காகப் பிரித்ததுபோல, உருட்டிவிடுகிறார்கள். என் கணிப்பில், இந்தத் தொடக்கம் கெடுவதற்கு இதுவே முதல் காரணம்.

இருண்ட சாயல் கொண்ட சி மைனர் சுருதியமைப்பில் உள்ள அந்தப் பகுதியில் மகிழ்ச்சியைத் தேட வேண்டியதில்லை. அலெக்ரோ என்றால் களிப்பு, இசையோ பல நேரம் அதற்கு நேர்மாறாக இருக்கிறது என்று பீத்தோவனே அதே 1817இல் ஒரு கடிதத்தில் குறைபட்டுக்கொண்டார். ஆகவே, சொல்லிலிருந்து உயிர்ப்பை எடுத்துக்கொண்டு, உணர்ச்சியை ஸ்வரங்களிடமே கேளுங்கள்.

எண் தரப்படாத படைப்புகளுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஒரு படைப்பின் வேகத்தை அதன் பொதுவான இயல்பையும், அதில் வரும் மிக வேகமான ஸ்வரங்களையும் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்று ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் பிலிப் எமானுவேல் பாக் 1753இல் எழுதினார். எனவே முதல் வரியில் தொடங்காமல், குறுகிய ஸ்வரங்கள் நெருக்கமாக வரும் இடத்தைத் தேடி, ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும் வேகத்தில் அதை வாசியுங்கள். பிறகு அதே காலப்பிரமாணத்தோடு தொடக்கத்துக்குத் திரும்புங்கள். மணிக்கட்டு இறுகினால் எண்ணைக் குறையுங்கள். ஆனால் குறைந்த வேகத்திலும் ஸ்வரங்களின் துள்ளலை விட்டுவிடாதீர்கள்.