அவருக்குக் கொடுத்த வாக்கு: முதன்முறையாக முக்திநாத் போகிறவர்களுக்குப் படிப்படியாக

நானும் என் கணவரும் கல்யாணமான நாளிலிருந்து, ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான திவ்ய தேசங்களில் 92ஐச் சேர்ந்தே சேவித்திருக்கிறோம். 108 திவ்ய தேசங்களில் பூமியில் இருப்பவை 106. அவற்றில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று, நேபாளத்தில் இருக்கும் சாளக்கிராமம். இன்றைய பெயர் முக்திநாத். திருமங்கையாழ்வாரின் "சாளக்கிராமம் அடை நெஞ்சே" என்ற வரியை அவர் காலையில் சவரம் செய்துகொள்ளும்போதுகூட முணுமுணுப்பார்.

பிறகு சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு 3 முறை டயாலிசிஸ் என்று ஆனது. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து திண்ணையில் சாய்ந்தவர், "இனிமே என்னால ஆகாதும்மா. நீ போயிட்டு வா" என்றார். சரி என்றேன். 2021ல் அவர் போய்விட்டார். 2023 அக்டோபரில் நான் போய் வந்தேன். அப்போது எனக்கு 62 வயது. அதற்கு முன் கடல் தாண்டியதுமில்லை, நாட்டு எல்லையைத் தாண்டியதுமில்லை.

என்னைப் போலவே துணையை இழந்து, ஒரு வாக்கை மனதில் வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: வாக்கை ஒரு தாளில் எழுதுங்கள்

டிக்கெட், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். என்ன சொன்னார், நீங்கள் எதற்குச் சரி என்றீர்கள், அதே சொற்களில் எழுதுங்கள். அப்போது பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் அவர்களையும் கேளுங்கள்.

முக்திநாத் கோயிலுக்குப் பின்னால் 108 நீர்த்தாரைகள் அரைவட்டமாக விழுகின்றன. "அந்த நூத்தெட்டுத் தண்ணியிலயும் குளிச்சிட்டு வா" என்று அவர் சொன்னதாகத்தான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தாளில் எழுதி மகளிடம் காட்டியதும் அவள், "இல்லம்மா, அப்பா தொட்டுட்டு வான்னுதான் சொன்னாரு. உனக்கு சளி பிடிக்கும்னு அவருக்குத் தெரியாதா?" என்றாள். அன்று ராத்திரி வெகுநேரம் அழுதேன். துக்கத்தில் இருக்கும்போது வாக்கு நமக்குள்ளேயே வளர்ந்து பெரிதாகிவிடுகிறது. அவர் கேட்காததையும் நாமே சேர்த்துச் சுமக்கிறோம்.

அதே தாளில் அவர் கேட்காதவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். "அவ்வளவு தூரம் போறே, அப்படியே காசி, கயா, அயோத்தி" என்று சொந்தக்காரர்கள் சேர்த்துக்கொண்டே போவார்கள். அவை வேறு பயணங்கள். இந்த முறை வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

படி 2: எப்போது போவது

வீட்டு வழக்கத்தை முதலில் பாருங்கள். தலைத்திவசம் முடியும்வரை மலைக்கோயிலுக்குப் போவதில்லை என்பது பல குடும்பங்களில் உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு, அதனால் காத்திருந்தேன். காத்திருந்தது நல்லதாகவே போயிற்று. முதல் வருஷம் பேங்க், வாரிசுச் சான்று, குடும்ப ஓய்வூதியம் என்று அலைவதற்கே சரியாக இருந்தது. ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டிய மாதத்தில் மட்டும் பயணத்தை வைக்காதீர்கள்.

மார்ச் முதல் மே வரை, பிறகு செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம். மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரியும். குளிர்காலத்தில் பனி மூடும். அக்டோபரை ஒட்டி நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன் வரும். அந்த நாட்களில் வண்டிக்கும் அறைக்கும் திண்டாட்டம்.

படி 3: பாஸ்போர்ட்டும் பெயரும்

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை வேண்டும். 65 வயதுக்குட்பட்டவர்கள் ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். வாக்காளர் அட்டை இருந்தாலும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை. வழியில் எது கேட்டாலும் ஒரே தாளைக் காட்டலாம்.

நம்மூர்ப் பெண்களுக்குச் சிக்கல் இனிஷியலில்தான். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் கணவர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுத வேண்டும். எந்தப் பெயரை விரிப்பது என்று முதலில் முடிவு செய்து, ஆதாரை அதற்கேற்பத் திருத்திய பிறகு விண்ணப்பியுங்கள். நான் ஆதாரில் இருந்தபடியே அவர் பெயரை வைத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் திருமண நிலை கேட்கும் கட்டத்தில் 'கணவரை இழந்தவர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கை சற்றுத் தயங்கும். நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, மறுநாள்தான் முடித்தேன். இறப்புச் சான்றிதழின் அசலும் இரண்டு நகல்களும் பையில் இருக்கட்டும். சாதாரண முறையில் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தஞ்சாவூர் சேவை மையத்துக்கு ஒருமுறை போய் வந்தேன், பிறகு போலீஸ் விசாரணை, அவ்வளவுதான்.

விமான டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எனக்கு எடுத்துக் கொடுத்தவர் பழக்க தோஷத்தில் இனிஷியலோடு போட்டுவிட்டார். திருத்தப் பணம் கட்ட நேர்ந்தது. டிக்கெட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

படி 4: உடம்பு

முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஊட்டியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிக உயரம். காற்றில் பிராணவாயு அங்கே குறைவு. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் டாக்டரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உயரத்துக்குப் பழகுவதற்காக அசிட்டசோலமைடு மாத்திரை சிலருக்குக் கொடுப்பார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொண்டார் என்று நாமாகப் போடக்கூடாது.

தினமும் 45 நிமிடம் நடக்க ஆரம்பித்தேன். கடைசி மாதம் மாடிப்படி ஏறி இறங்கினேன். நிற்காமல் வேகமாக ஏறுவதைவிட, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கப் பழகுவது மலையில் உதவுகிறது.

பயணக் காப்பீடு எடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பொருந்துமா? 4,000 மீட்டர் உயரத்திலிருந்து ஹெலிகாப்டரில் இறக்க நேர்ந்தால் பணம் தருவார்களா?

படி 5: வழி

சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து காத்மாண்டு, பிறகு பொக்காரா. இது நான் போன வழி. குழுவாகப் போகிறவர்களில் பலர் கோரக்பூர் வரை ரயிலில் போய், சோனாலி எல்லையைத் தாண்டி பஸ்ஸில் பொக்காரா வருகிறார்கள். செலவு குறையும், இடுப்பு வலி கூடும்.

பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் ஜோம்சோம் வரை சின்ன விமானம், 20 நிமிடம்தான். ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தவுளகிரி, இரண்டும் 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள். நடுவே காளி கண்டகி ஆறு அறுத்துக்கொண்டு போன பள்ளத்தாக்கில் விமானம் போகிறது. முற்பகலுக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் காற்று பேய்போல அடிக்கும். அதனால் விமானங்கள் காலையில் மட்டும்தான். மேகம் இருந்தால் அதுவும் இல்லை. திட்டத்தில் இரண்டு நாள் கூடுதலாக வைக்காமல் கிளம்பாதீர்கள். எனக்கு முதல் நாள் விமானம் ரத்தாகி, மறுநாள்தான் கிடைத்தது. விமானம் வேண்டாமென்றால் பேனி, தாதோபானி வழியாக ஜீப்பில் போகலாம். முழு நாளும் குலுக்கல்.

இது அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி என்பதால் நுழைவு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இந்தியர்களுக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் கட்டணம் குறைவு. பொக்காராவிலேயே வாங்கிவிடலாம். புகைப்படம் இரண்டு கொண்டுபோங்கள்.

ஜோம்சோமில் இறங்கிய அன்றே மேலே ஓடாதீர்கள். பொக்காரா 800 மீட்டர் சுமார், ஜோம்சோம் 2,700, முக்திநாத் 3,700. ஒரே காலையில் இவ்வளவும் ஏறினால் உடம்பு முரண்டு பிடிக்கும். ஒரு ராத்திரி ஜோம்சோமிலோ, பக்கத்தில் ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த மார்பா கிராமத்திலோ தங்குங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் மறைக்காதீர்கள். கூடிக்கொண்டே போனால் கீழே இறங்குவதுதான் மருந்து. கோயில் எங்கேயும் போய்விடாது.

படி 6: பணமும் பையும்

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், இது மாறாத கணக்கு. நம் 100 ரூபாய்த் தாள் எங்கேயும் செல்லும். பெரிய தாள்களுக்கான விதி அவ்வப்போது மாறுவதால், 100 ரூபாய்க் கட்டுகளாக எடுத்துப்போவது நிம்மதி.

கம்பளிக் குல்லா, கையுறை, இரண்டு ஜோடி காலுறை, வழுக்காத ஷூ. சேலைதான் கட்டுவேன் என்றால் உள்ளே வெப்ப உடை போட்டுக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி. சோறும் பருப்பும் எல்லா விடுதியிலும் சுடச்சுடக் கிடைக்கிறது. சின்ன விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கடுமை, பாதிச் சாமானைப் பொக்காரா விடுதியிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

அவருடைய பொருள் ஒன்றை எடுத்துப்போக நினைத்தால் ஒன்றே ஒன்று போதும். நான் அவர் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேன். நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால். காத்மாண்டுவில் எல்லாரும் முள்ளைத் திருப்பினார்கள். அதற்குச் சாவி கொடுத்து நேரம் வைத்தது எப்போதும் அவர்தான். நான் திருப்பவில்லை.

படி 7: காக்பேனி

ஜோம்சோமிலிருந்து முக்திநாத் போகிற வழியில், காளி கண்டகியோடு இன்னொரு மலையாறு கலக்கிற இடம் காக்பேனி. முன்னோருக்குப் பிண்டம் வைக்க இந்துக்கள் வருகிற இடம். அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எள், பச்சரிசி மாவு, தர்ப்பை ஆகியவற்றை ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது. காலையிலேயே போங்கள், பிறகு காற்றில் எதுவும் நிற்காது.

யார் கையால் செய்வது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு போங்கள், ஆற்றங்கரையில் அந்தப் பேச்சு வேண்டாம். எங்கள் வழக்கத்தில் மகன்தான் செய்ய வேண்டும், என் மகன் லீவு போட்டு வந்திருந்தான். அவன் முடித்த பிறகு நானும் இறங்கி, எள்ளும் தண்ணீரும் விட்டேன். யாரும் தடுக்கவில்லை. தண்ணீர் சாம்பல் கலந்த கறுப்பு. கரையெல்லாம் கறுப்புக் கூழாங்கல். நாம் பெருமாளாகப் பூஜிக்கிற சாளக்கிராமக் கற்கள் இந்த ஆற்றில்தான் கிடைக்கின்றன.

படி 8: கோயிலில்

ஜீப் ராணிபவ்வா வரை போகும். அங்கிருந்து அரைமணி நடை, கடைசியில் படிகள். முடியாதவர்களுக்குக் குதிரை உண்டு. அதில் ஏறினால் வாக்குக் குறைந்துவிடாது. நான் நடந்தேன், ஆறு இடத்தில் உட்கார்ந்தேன்.

கோயில் சின்னது, அடுக்குக் கூரை. நம்மூர்க் கோபுரத்தை எதிர்பார்க்காதீர்கள். நாம் பெருமாளாகச் சேவிக்கிறவரைப் பௌத்தர்கள் அவலோகிதேஸ்வரராக வணங்குகிறார்கள். பௌத்தப் பெண்துறவிகள் அங்கே கைங்கர்யம் செய்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஜ்வாலாமாயி சந்நிதி. பாறை இடுக்கில் இயற்கை எரிவாயு சிறு சுடராக எரிகிறது, அருகிலேயே தண்ணீர் ஓடுகிற சத்தம்.

தாரைகள் ஒவ்வொன்றும் காளைமுகத்தின் வாயிலிருந்து விழுகின்றன, தலைக்குச் சற்று மேலே. தரை ஈரமாக வழுக்கும், சுவர்ப்பக்கமாகவே நகருங்கள். பனி உருகி வருகிற தண்ணீர். இளைஞர்கள் சட்டையைக் கழற்றி ஒரே ஓட்டமாக ஓடி நனைகிறார்கள். இதய நோயோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் அதைச் செய்யக்கூடாது.

நான் ஒவ்வொரு தாரையிலும் விரலை நீட்டித் தொட்டு, ஒரு துளியைத் தலையில் வைத்துக்கொண்டு நகர்ந்தேன். இருபதாவதில் விரல் எலும்புக்குள் வலித்தது. நாற்பதைத் தாண்டியதும் அந்தக் கை மரத்துப்போக, இடக்கைக்கு மாற்றினேன். மகன் பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தான். எழுபத்து மூன்றா நான்கா என்று ஒருமுறை குழம்பியது. ஐந்து தாரை பின்னால் போய் மறுபடி எண்ணிக்கொண்டு வந்தோம். அவர் இருந்திருந்தால் முதலிலிருந்தே தொடங்கச் சொல்லியிருப்பார்.

படி 9: திரும்புகையில்

கோயிலிலிருந்து வந்த முதல் ராத்திரியைத் தனியாகக் கழிக்காதீர்கள். இரண்டு வருஷமாக நம்மை எழுப்பி நடத்திய ஒரு வேலை அன்றோடு முடிந்துவிடுகிறது. ஊர் திரும்பிய வாரத்துக்கும் யாரையாவது வீட்டுக்கு வரச் சொல்லி வையுங்கள். மகள் பத்து நாள் வந்து இருந்தாள்.

தாரைத் தண்ணீர் கொண்டுவருவதானால் பாட்டிலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் கட்டி, சரக்குப் பெட்டியில் வையுங்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். நான் அரை லிட்டர் கொண்டுவந்தேன். பூஜை அலமாரியில் இருக்கிறது. அவர் திவசத்தன்று மட்டும் திறந்து, ஒரு உத்தரணி எடுத்துவிட்டு மூடி வைக்கிறேன்.