கேட்டதை எழுதுவது: பல்கலைக்கழக அரங்கில் சமகாலச் செவ்வியல் இசைக்கு எதிர்வினை எழுதும் முறை

சென்னையில் இசை கேட்டு வளர்ந்த ஒருவர், கல்லூரி அல்லது பல்கலைக்கழக அரங்கில் நடக்கும் சமகால மேற்கத்தியச் செவ்வியல் இசைக் கச்சேரிக்கு முதன்முறையாகப் போனால், பெரும்பாலும் "வித்தியாசமாக இருந்தது" என்ற ஒரு வாக்கியத்துடன்தான் வெளியே வருவார். அந்த வாக்கியத்துக்கு அப்பால் ஒன்றரைப் பக்கம் எழுதுவது எப்படி என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். வகுப்பில் எதிர்வினைக் கட்டுரை எழுத வேண்டிய மாணவருக்கும், நண்பர் இயற்றிய இசையைக் கேட்டுவிட்டு நேர்மையாக இரண்டு வார்த்தை சொல்ல விரும்புபவருக்கும் இது உதவும்.

பல்கலைக்கழகக் கச்சேரிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. டிசம்பர் சீசனில் நாம் கேட்கும் தியாகராஜர் கிருதியை இயற்றியவர் 1847இல் மறைந்துவிட்டார். இங்கேயோ, இயற்றியவர் நமக்கு நான்கு வரிசை பின்னால் உட்கார்ந்திருக்கக்கூடும். அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். பல மாதங்களாகத் தாளில் மட்டுமே இருந்த அவருடைய ஒலி அன்றுதான் முதன்முதலாகக் காற்றில் ஏறுகிறது. நம்முடைய பாராட்டைவிட, எந்த இடத்தில் நமக்கு என்ன கேட்டது என்பதுதான் அவருக்கு அதிகம் பயன்படும். அந்த ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள ஒவ்வொரு படியையும் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: முந்தின நாள் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி

பத்து உருப்படிகளை அவசரமாகக் கேட்பதைவிட ஒன்றைக் கையால் அறிந்துகொள்வது நல்லது. அதற்கு ஸ்டீவ் ரைக் 1972இல் எழுதிய 'கிளாப்பிங் மியூசிக்' மிகவும் ஏற்றது. இரண்டு பேர் கை தட்டுவதைத் தவிர அதில் வேறு வாத்தியமே கிடையாது. அடிப்படைத் தட்டு பன்னிரண்டு எண்ணிக்கை கொண்டது: மூன்று தட்டு, ஒரு மௌனம், இரண்டு தட்டு, ஒரு மௌனம், ஒரு தட்டு, ஒரு மௌனம், மீண்டும் இரண்டு தட்டு, ஒரு மௌனம். நம் சொற்கட்டில் சொன்னால் இது தகதிமி, தகிட, தக, தகிட என்று நான்கு, மூன்று, இரண்டு, மூன்றாகப் பிரிகிறது. ஒவ்வொரு சொல்லின் கடைசி அட்சரத்தையும் வாய்க்குள் விழுங்கிவிட்டு மற்றவற்றுக்குக் கை தட்டினால் அந்தத் தட்டு அப்படியே வந்துவிடும். (இந்தப் பிரிவு என் சௌகரியத்துக்காக நான் செய்துகொண்டது.)

முதலில் இருவரும் ஒன்றாகவே தட்டுகிறார்கள். பலமுறை தட்டியபின் ஒருவர் அப்படியே நிற்க, மற்றவர் ஓர் எண்ணிக்கை தள்ளிப்போகிறார். பிறகு இன்னும் ஒன்று, பிறகு இன்னும் ஒன்று. பன்னிரண்டு முறை நகர்ந்தபின் இருவரும் மறுபடி ஒன்றாகச் சேர்கிறார்கள். பாட்டின் எடுப்பு சமத்திலிருந்து அரை இடம் தள்ளி வந்தாலும் கைத்தாளம் அசையாமல் நிற்பதைக் கேட்டுப் பழகியவருக்கு இது புரிவதற்குக் கால் மணி நேரம் போதும். வீட்டில் தம்பியையோ தோழியையோ எதிரே உட்காரவைத்துத் தட்டிப் பாருங்கள். மூன்றாவது நகர்விலேயே இருவரில் ஒருவர் நிச்சயம் தடுமாறுவீர்கள். அந்தத் தடுமாற்றத்தை உடலில் ஒருமுறை உணர்ந்துவிட்டால், மறுநாள் மேடையில் இருப்பவர்கள் எதைச் சுமக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் படி: "என்ன ராகம்?" என்ற கேள்வியை மாற்றிக்கொள்வது

இந்தக் கேள்வி தவறானது என்று நான் சொல்ல மாட்டேன். நம் காது அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆனால் இந்த வகை இசையில் பெரும்பகுதிக்கு அதனால் விடை கிடைக்காது; விடை கிடைக்காதபோது காது சோர்ந்து மூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, தம்புராவின் முன் உட்கார்ந்து பழகிய காது எளிதாகக் கேட்கக்கூடிய வேறு கேள்வி இருக்கிறது: இந்த இசை திரும்பித் திரும்பி வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டா, அல்லது அப்படி நிற்க மறுக்கிறதா?

ஆர்வோ பேர்ட் 1978இல் இயற்றிய 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்' என்ற வயலின், பியானோ இசையில் இதற்கு மிகத் தெளிவான விடை உண்டு. வயலின் ஒரே சுரத்துக்கு மேலிருந்தும் கீழிருந்தும் வந்து சேர்கிறது. வரவரப் பாதையில் ஒரு சுரம் கூடுகிறது. லிகெட்டியின் 'அட்மாஸ்ஃபியர்ஸ்' (1961) இதற்கு நேர் எதிர். அங்கே சுரங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் தனி மெட்டு காதில் விழுவதில்லை. ஒலியின் அடர்த்தியும் நிறமும் மாறுவதைத்தான் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருமுறை கேட்டுவிட்டுப் போனால், நாளை கேட்கப்போவது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல முடியும். அதுவே எதிர்வினையின் முதல் பத்திக்குப் போதுமானது.

மூன்றாம் படி: அரங்கில்

இருபது நிமிடம் முன்னதாகப் போய் நிகழ்ச்சி நிரல் தாளை வாங்கி, ஒவ்வோர் உருப்படியிலும் எத்தனை பகுதிகள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இயற்றியவரின் குறிப்பு அச்சிடப்பட்டிருந்தால் அதைக் கேட்டு முடித்த பிறகு படிப்பதே என் வழக்கம். 'இது வெள்ளத்தைப் பற்றியது' என்று முதலிலேயே படித்துவிட்டால், பிறகு கேட்பதெல்லாம் தண்ணீராகவே தோன்றும்.

வாசிப்பவர்களின் கைகள் தெரியும் இடத்தில் உட்காருங்கள். இந்த இசையில் ஒலி பிறக்கும் விதமே பாதிப் பொருள். ஹென்றி கவல் 1925இல் எழுதிய 'தி பான்ஷி'யில் ஒருவர் பியானோவின் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, வாசிப்பவர் பியானோவின் வளைவுப் பக்கம் நின்று, உள்ளே கை விட்டுத் தந்திகளை விரலாலும் நகத்தாலும் நெடுக வருடுகிறார். சாவை முன்னறிவித்து ஓலமிடும் ஐரிஷ் பெண் ஆவியின் பெயர்தான் அந்தத் தலைப்பு. கடைசி வரிசையில் இருந்து கேட்டால் அது ஏதோ ஓர் ஊளை. கையைப் பார்த்துக்கொண்டே கேட்டால், தடித்த தந்தியில் நகம் உரசும் கரகரப்பு தனியாகவும், அதிலிருந்து எழும் முனகல் தனியாகவும் காதில் விழும். இந்தக் கவலுக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு: தம்முடைய 13ஆவது சிம்பொனிக்கு 'மெட்ராஸ்' என்று பெயரிட்டு, அதில் ஜலதரங்கத்துக்கும் இடம் கொடுத்தார், அது 1959இல் இந்த நகரத்தில்தான் முதலில் வாசிக்கப்பட்டது.

நம் சபாக்களில் நல்ல சங்கதி விழுந்தால் 'பலே' என்று வாய்விட்டுச் சொல்வது மரியாதை. இங்கே மரியாதையின் வடிவம் மௌனம். மூவ்மெண்ட் எனப்படும் பகுதிகளுக்கு நடுவே கை தட்டுவதில்லை. நான் முதலில் போன கச்சேரியில், வயலின் ஓசை அடங்கியதும் இசை முடிந்துவிட்டது என்று எண்ணித் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது வாசித்தவரின் வில் தந்தியை விட்டு விலகி இன்னும் காற்றிலேயே நின்றுகொண்டிருந்தது. அந்த நிற்றலும் இசையின் பகுதி என்பதும், அதை நான் கெடுத்துவிட்டேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. வில் கீழே இறங்கும் வரை, அல்லது வாசிப்பவரின் தோள் தளரும் வரை காத்திருங்கள்.

மௌனமும் எழுதத் தக்கது. ஜான் கேஜ் இயற்றி 1952இல் டேவிட் டியூடர் மேடையேற்றிய '4 நிமிடம் 33 விநாடி'யில், வாசிப்பவர் வேண்டுமென்றே ஒரு சுரமும் வாசிப்பதில்லை. அரங்கில் தற்செயலாக எழும் ஓசைகளைக் கேட்பதற்கான நேரம் அது. சென்னையில் அதைக் கேட்டால் மின்விசிறியின் கிறீச்சொலி, வெளியே ஆட்டோவின் ஹாரன், வேப்பமரத்துக் குயில், பக்கத்து நாற்காலிக்காரர் தொண்டையைச் செருமுவது எல்லாம் கிடைக்கும். எழுதும்போது அவற்றை அவை வந்த வரிசையில் எழுதுங்கள்.

நான்காம் படி: குறிப்பெடுப்பது

சிறிய நோட்டும் பென்சிலும் போதும். பேனாவின் கிளிக் ஓசை மூன்று வரிசைக்குக் கேட்கும். கைபேசியின் வெளிச்சம் அதைவிடத் தொல்லை. வாசிக்கும்போது ஓரிரு சொற்களுக்கு மேல் எழுதாமல், உருப்படிகளுக்கு இடையில் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் விரிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயங்கள் வேண்டும்: என்ன ஒலித்தது, அது எப்போது மாறியது, அப்போது எனக்குள் என்ன நடந்தது. மூன்றாவதை மட்டும் எழுதுவதுதான் தொடக்கநிலையினர் பலரும் செய்யும் பிழை.

ஐந்தாம் படி: அன்றிரவே எழுதுவது

மாணவர் ஒருவர் செல்லோவுக்கும் மிருதங்கத்துக்குமாக இயற்றிய ஓர் உருப்படியைக் கேட்டுவிட்டு நான் முதலில் எழுதிய வாக்கியம் இது: "செல்லோவும் மிருதங்கமும் இணைந்த விதம் மனத்தைத் தொட்டது." இதை எந்த இசைக்கும் எழுதலாம் என்பதால் அடித்துவிட்டு, நோட்டைப் பார்த்து மறுபடி எழுதினேன்: "செல்லோ நெடுநேரம் ஒரே சுரத்தைக் கார்வையாகப் பிடித்திருந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரைக்கட்டைக்கு அருகே வில் நகர்ந்தபோது, சுருதி மாறாமலே அந்தச் சுரம் மெலிந்து உலோகத்தைப் போல ஒலித்தது. அதுவரை வலப்பக்க வலந்தலையில் மட்டும் பேசிய மிருதங்கம் அந்த நேரத்தில்தான் இடப்பக்கத் தொப்பியில் ஒரு கும்கி (தோலை அழுத்தி எழுப்பும் ஆழ்ந்த ஒலி) கொடுத்தது. செல்லோ கைவிட்ட கனத்தை மிருதங்கம் ஏந்திக்கொண்டதாக எனக்குத் தோன்றியது." இயற்றியவர் இதைப் படித்தால், தாம் எண்ணியது வந்து சேர்ந்ததா இல்லையா என்பதை அவரால் தெரிந்துகொள்ள முடியும்.

பிடிக்காத இடத்தையும் இதே முறையில்தான் எழுத வேண்டும். "சலிப்பாக இருந்தது" என்பதை விட்டு, "நடுப்பகுதியில் அதே சொற்கட்டு திரும்ப வந்தபோது எதையும் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டேன், செல்லோ மேல் ஸ்தாயிக்கு ஏறிய பிறகுதான் கவனம் திரும்பியது" என்று எழுதினால் அது யாரையும் புண்படுத்தாது, பயனும் தரும். ஒரே முறை கேட்ட இசையைப் பற்றி 'தோல்வி' என்ற சொல்லை நான் எழுதுவதில்லை.

கச்சேரிக்குப் பின் கலந்துரையாடல் இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். "இதன் பொருள் என்ன?" என்று கேட்டால் இயற்றியவர் தடுமாறுவார். "மிருதங்கக்காரருக்கு நோட்டேஷன் எழுதிக் கொடுத்தீர்களா, வாயால் சொன்னீர்களா?" என்று கேட்டால் பத்து நிமிடம் ஆர்வமாகப் பேசுவார், அந்தப் பதிலிலிருந்து உங்கள் கட்டுரைக்கு ஒரு பத்தி கிடைக்கும்.

எழுதி முடித்ததும் இயற்றியவர், வாசித்தவர்கள் பெயர்களை நிரல் தாளோடு ஒப்பிட்டு எழுத்துப் பிழை பாருங்கள். மேலே தேதியையும் அரங்கின் பெயரையும், எத்தனையாவது வரிசையில் உட்கார்ந்தீர்கள் என்பதையும் குறித்துவிட்டு, துறை அலுவலகத்தின் வழியாக இயற்றியவருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மூன்றாம் வரிசையில் தெளிவாகக் கேட்ட நகத்தின் உரசல் பால்கனிக்கு அடியில் இருப்பவருக்குக் கேட்டிருக்காது. உங்கள் குறிப்பைப் படிப்பவருக்கு அந்த வரிசை எண் தேவைப்படும்.